ஆறு பங்குக் கிணறு

அப்போது நான் ரொறன்ரோவில், ஸ்காபரோ பக்கம் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தேன். மூன்று ஆண்டுகளில் அது ஐந்தாவது அறை. கோப்பை கழுவும் வேலையை விட்டுவிட்டு, வன்கூவர் பக்கம் போய்ப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் என்னைப் பிடித்தார்.

"உமக்கு இப்ப வேலை இல்லைத்தானே? பஸ் ரூட் எல்லாம் தெரியும். உந்தக் கடிதத்தை ஒருக்காக் கொண்டு திரியும்."

அவர் தந்தது ஒரு சம்மதக் கடிதம். போரில் இடம்பெயர்ந்த சனம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஒழுங்கையில் வெறுமையாய்க் கிடந்த வீடுகளில், தங்கள் ஊருக்குப் போக முடியாத பதினொரு குடும்பங்கள் வந்து குடியேறியிருந்தன. அங்கிருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு, கூரை ஓடும் கல்லும் விழுந்து நாறிக் கிடந்தது. பெண்கள் ஆமிக் காவலரணைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். இறைத்துத் துப்புரவாக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அது ஆறு பங்குக் கிணறு. பங்குக்காரர் எல்லோரும் கையெழுத்து வைக்காமல் தொட விடமாட்டோம் என்று ஊரில் மிஞ்சியிருந்த பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அரசாங்கமோ வெள்ளைக்கார உதவி நிறுவனமோ வந்து தீர்க்கிற விஷயமில்லை. பங்குக்காரர் அத்தனை பேரும் ரொறன்ரோவைச் சுற்றி இருந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிவம் நிரப்பக் கை கூசும். திரிவதற்குக் கூசாது. நான்கு நாட்களில் ஐந்து கையெழுத்து வாங்கிவிட்டேன். ஒருவர் டோனட் கடையின் பின்கதவில் நின்று மாப் படிந்த கையோடு வைத்தார். ரூஜ் பக்கம் புது வீடு வாங்கியிருந்தவர், சப்பாத்தைக் கழற்றச் சொல்லி ஒவ்வொரு அறையாகக் காட்டிய பிறகுதான் பேனையைத் தொட்டார்.

ஆறாவது ஆள் ஒஷாவாவில். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் தம்பி உதில அள்ளப் போகினம்?"

"இடம்பெயர்ந்து வந்த சனம் அண்ணை. அதுகளின்ர ஊரில ஆமி."

"ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்குக் கிணறே தங்கட எண்டுவினம். ஏலாது."

"அஞ்சு பேர் வைச்சிட்டினம்."

"அவையள் விசரர். நீரும் ஒரு பஸ் பாஸை வாங்கிக்கொண்டு ஊர் சுத்துறீர்."

உண்மைதான். எழும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. பல இடங்களில் அப்படி எழும்பிப் போனவன் நான். ஆனால் எழும்பினால் அந்தப் பெண்கள் நாளைக்கும் காவலரணைத் தாண்ட வேண்டும். இருந்தேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி தட்டை மேசையில் வைத்தார்.

"உவர் என்னத்துக்கு ஏலாது எண்டுறார்? அந்தப் பங்கு என்ர சீதனம். உவர் வேற ஊர். அந்தக் கிணத்தில ஒரு வாளி போட்டறியார்."

அண்ணை ரீவியைப் பார்த்தார்.

"பேனையைத் தாரும் தம்பி. நாங்கள் ஊரைவிட்டு ஓடேக்க ஆரின்ரையோ கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சனாங்கள். அவையள் எங்களை ஆரெண்டு கேக்கேல்லை."

கையெழுத்து வைத்துவிட்டு, மேலே இருந்த ஐந்து பேரையும் வாசித்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"உதில ஒருத்தருக்கும் பங்கில்லை. எங்கட அம்மப்பா அந்தக் கிணத்துக் காணியைப் பேத்திமார் ஆறு பேருக்கும் சீதனமாப் பிரிச்சு எழுதினது. நீங்கள் புருசன்மாரிட்ட வாங்கிக்கொண்டு திரியிறியள்!"

சங்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மறுநாள், ஒஷாவா அக்கா எழுதித் தந்த புதுக் கடிதத்தோடு மறுபடியும் முதலாம் வீட்டிலிருந்து தொடங்கினேன். அவரே மற்றப் பேத்திமார் எல்லோருக்கும் போன் அடித்துச் சொல்லியிருந்தார். ரூஜில் இந்த முறை சப்பாத்தைக் கழற்றவே இல்லை. வீட்டுக்காரி வாசலில் நின்றபடியே வைத்துத் தந்தார்.

தலைவர் புதுக் கடிதத்தைப் பார்த்து முகத்தைச் சுழித்தார்.

"என்ன, எல்லாம் பொம்பிளையளாக் கிடக்கு?"

"கிணறும் பொம்பிளையளின்ரதான் அண்ணை."

அவர் அதை உறையில் போட்டு முத்திரை ஒட்டும்வரை நான் எழும்பவில்லை. தபாற்பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

கிணறு இறைத்தாகிவிட்டது என்று பதில் வந்தபோது நான் ஆறாவது அறைக்கு மாறியிருந்தேன்.