லெஹரி விட்டுக்கொடுத்த மண்திட்டு

திருடி என்று மட்டும் சொல்லாதே நோஜி. லெஹரி நம் கூலியைத் தின்றிருந்தால் அவள் வீட்டுக் கூரை ஓட்டை ஏன் இன்னும் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது? ஓடிப்போனாளாம்! ஓடுகிறவள் விடிந்தபிறகு, தெருவே பார்க்க, குடத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டா போவாள்? சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டுக்காரி நான். கேட்டுக்கொள்.

அரசாங்கத்து நூறு நாள் வேலையில் நம் ஏரியைத் தூர்வாரினோமே, அதற்கு அவள்தான் மேட், ஆட்களை மேய்த்து வேலையைப் பார்த்துக்கொள்கிறவள். ஐந்து பேருக்கு ஒரு குழி அளந்துவிடுவாள். வெட்டிய ஆழத்துக்குத்தான் கூலி. ஏரித் தரையோ முன்பே பள்ளம். நாம் வெட்டியது எவ்வளவு, மழை அரித்தது எவ்வளவு என்று யார் சொல்வது? அதற்காகத்தான் ஒவ்வொரு குழி நடுவிலும் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் திட்டாக விடுவோம். இஞ்சினியர் அதன் தலையிலிருந்து குழித் தரைவரை அளவுநாடா பிடிப்பார். அந்தத் திட்டுதான் நமக்குச் சாட்சி.

லெஹரி குஜராத் செங்கல் சூளையில் வளர்ந்தவள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். "என் மக சுகனி சூளையில கல்லு திருப்பக் கூடாது பெரியம்மா. ஏரி வேலை இருக்கிறவரைக்கும் அவ படிப்பா" என்பாள். அந்த வேலையைத்தான் அவள் உயிராய்ப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹோலி முடிந்தது, புருஷன் ஆயுசுக்காகக் கௌரியைக் கும்பிடுகிற கண்கௌர் நோன்பு வந்தது. கௌரியம்மா பொம்மை பிடிக்க மண் வேண்டும். வெட்டிய மண்ணெல்லாம் கரைக்குப் போய்ச் சரளையோடு கலந்துவிட்டது. நைசான களிமண் மிச்சமிருந்தது அந்தத் திட்டுகளில்தான். முதலில் கேட்டது யார்? நீதானே!

"ஏன்டி லெஹரி, கௌரியை சிமெண்டுல பிடிக்கச் சொல்றியா? ஒரு பிடி மண்ணுதானே, உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"திட்டுல கை வச்சா கூலி போயிடும்க்கா."

"இஞ்சினியரா? தன் கல்யாணத்துக்கே மறுநாள் போன ஆளு அவன்! அவன் வர்றதுக்குள்ள மழையே வந்துடும்."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்துவிட்டாள். பூஜை மண்ணை இல்லையென்று சொல்ல எந்தச் சுமங்கலிக்கு வாய் வரும்? "ஓரத்துல மட்டும் எடுங்க, தலையைத் தொடாதீங்க" என்றாள். ஆளுக்கு ஒரு பிடி. பொழுது சாய்வதற்குள் ஒரு திட்டும் நிற்கவில்லை.

அந்த இஞ்சினியர் மறுநாளே வந்து நின்றான். மார்ச் முடிவதற்குள் கணக்கை முடிக்க வேண்டுமாம்.

"திட்டு எங்கம்மா?" என்றான் லெஹரியிடம்.

"பூஜைக்கு எடுத்துட்டோம் சார். ஆழந்தான் கண்ணுக்குத் தெரியுதே."

"என் கண்ணுக்குத் தெரிஞ்சு என்னம்மா? இந்த வேலைத் திட்டமே கஜானாவைத் தின்னுதுன்னு மேல கத்துறாங்க. சாட்சி இல்லாம நான் ஆழம் போட்டா என்னைத்தான் தூக்குவாங்க."

"கஜானாவைத் தின்னுறோமா? நாங்க ரொட்டிக்குத் தொட்டுக்கிற மிளகாயைப் பாத்திருக்கீங்களா சார்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை, பயந்தவன். கூலி மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. ஏரி வேலையை நிறுத்தினார்கள். லெஹரியை மேட் வேலையிலிருந்து எடுத்தார்கள். மேட்டும் இஞ்சினியரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று ஊர் பேசியது. நாமோ கௌரியைத் தலையில் சுமந்து பாடிக்கொண்டே போய், அதே ஏரியின் சேற்றுக் குட்டையில் கரைத்துவிட்டு வந்தோம்.

லெஹரி ஒவ்வொரு வாசலாகப் போனாள். "மண்ணை நாங்கதான் எடுத்தோம்னு பஞ்சாயத்துல ஒருத்தி சொல்லுங்கக்கா, போதும். எனக்கு மேட் வேலை திரும்பக் கிடைக்கும்." ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கௌரிக்கு எடுத்த மண்ணால் நஷ்டம் என்று சொன்னால் புருஷனுக்கு ஆகாதாம். நான் போய்ச் சொன்னேன். "வேலையிடத்துல தண்ணி ஊத்தின கிழவி, மண்ணே சுமக்கலை, சாட்சிக்கு வந்துட்டா" என்று பஞ்சாயத்துத் தலைவன் சர்பஞ்ச் சிரித்தான்.

சூளை ஏஜெண்டின் ஜீப் காலையில் வந்தது. சுகனி பள்ளிக்கூடத்துச் சட்டையோடுதான் ஏறினாள். அவளிடம் கிழியாத சட்டை அது ஒன்றுதான். லெஹரி அடுப்பில் தண்ணீர் தெளித்தாள், குடத்தைக் கவிழ்த்துவைத்தாள், வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டாள். எதிர் வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

"வர்றேன் நோஜிக்கா. ஏரியில தண்ணி நின்னா சொல்லி அனுப்புங்க."

நீ முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாய். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.