ஊற்றிக் கொடுத்தவள்

படத்தில் அவளாக நடித்தவளுக்கு மேலுதட்டில் ஒரு மச்சம் வைத்திருந்தார்கள். நிஜத்தில் அவள் முகத்தில் மச்சமே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் இவள் கெட்டவள் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா, அதற்காக வைத்தது. மச்சத்தோடு விட்டிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. முப்பத்திரண்டு பேர், மூன்று வேளை. யாருக்குச் சாப்பாட்டுக்கு முன், யாருக்குப் பின், யார் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து அப்புறம் பூந்தொட்டியில் துப்புகிறவர், எல்லாம் அத்துப்படி. சிரப் ஊற்றினால் மூடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். கோட்டுக்கு மேலே ஒரு சொட்டுப் போனாலும் திருப்பி ஊற்றிவிடுவாள். பதினாலு வருஷத்தில் ஒரு வேளை தப்பியதில்லை. இதைத் தவிர அவளுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் கிடையாது.

அதற்கு முன் பதினோரு வருஷம் அவள் ஒரு பாடகியின் வீட்டில் இருந்தாள். ஒரு காலத்தில் அந்தக் குரல் ஒலிக்காத ரேடியோ கிடையாது. அப்புறம் குரல் போய், புருஷன் போய், பிராந்தி மட்டும் கூடவே இருந்த கடைசிக் காலத்தில், குளிப்பாட்டவும் தலை வாரவும் மடியில் படுக்க வைத்துக்கொள்ளவும் இவள்தான். "ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வந்துடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். பாட்டில் ஒருத்தர் கையிலதான் இருக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கூடிப் பேசவில்லை. பிராந்தி அலமாரிச் சாவி தானாக இவள் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

மருந்து மூடியால் அளந்து, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மூடியில் ஆரம்பித்தாள். ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி மூன்று மூடிக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் சீப்பு பறந்தது, செருப்பு பறந்தது, காது கூசும் வசவெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மனசு தெளிந்த நாளில் பாடகி இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏ அளவுக்காரி, நீ எனக்குத் தாளம் போட வந்திருந்தா நான் ஒரு மேடையிலகூடத் தடுமாறியிருக்க மாட்டேன்டி" என்பாள். அந்தப் பேர் இவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை.

மகளுக்கு முதல் பிரசவம் என்று மூன்று நாள் லீவு போட்டாள். சாவியைப் பாடகியின் தம்பியிடம் கொடுத்து, மூடியையும் கொடுத்து, மூன்றுக்கு மேல் கூடாது என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அந்த மனுஷனுக்கு அக்காவின் கூச்சல் தாங்கவில்லை. வாயை அடைக்க முழுப் பாட்டிலையும் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். இவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் பேரனுக்காகக் காத்திருந்த நேரத்தில் அங்கே பாடகியின் கதை முடிந்திருந்தது.

பதிமூன்று வருஷம் கழித்து, படமெடுக்கப் போகிறோம் என்று கதை எழுதுகிற பெண் ஒருத்தி தேடிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் எதிரே உட்கார்ந்து, போனில் பதிவு செய்துகொண்டு கேட்டாள். அளவுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷமும் யாரும் கேட்காத கேள்விகள்.

"பாடகியம்மாவுக்கு யாரு ஊத்திக் கொடுப்பாங்க?"

"நான்தான் ஊத்திக் கொடுப்பேன். வேற யாரையும் தொட விடமாட்டேன்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் பாவி! அந்த வாக்கியத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும். கதையைப் படமாக்கும் உரிமை தம்பியிடம் இருந்தது. அப்புறம் படத்தில் சாவி யார் கையில் இருக்கும், பழி யார் தலையில் விழும் என்பதைச் சொல்லவா வேண்டும்.

தலையெழுத்தைப் பாருங்கள், அந்தப் படத்தை இல்லத்து ஹாலில் போடச் சொன்னதே அவள்தான். "எங்க அக்கா கதைங்க. நானும் அதுல வர்றேன்" என்று ஒரு மாதமாக ஒவ்வொரு கட்டிலிலும் சொல்லி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்து, தானும் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மச்சம் வைத்தவள் திரையில் வந்தாள். அலமாரியைத் திறந்தாள். "இன்னும் கொஞ்சம் குடிங்கக்கா, கவலையெல்லாம் போயிடும்" என்று குழைந்தாள். கடைசி நாள் காட்சியிலும் அவள்தான் இருந்தாள். தம்பி கதவைத் தட்டித் தட்டி அழ, அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டம்ளரை நிரப்பினாள். ஹாலில் இருமல் சத்தம்கூட நின்றுபோயிற்று. முப்பத்திரண்டு பேரும் திரையை விட்டுவிட்டு இவள் முதுகைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற வாத்தியார், "எனக்கு ஒரு லார்ஜ் ஊத்தும்மா" என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில் தபால்காரர் விளையாடவில்லை. சிரப் மூடியை நீட்டியதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, "வேற யாராவது வந்து ஊத்தட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு வருஷமாக அவர் வாயைத் துடைத்துவிட்ட கை அது.

கதை எழுதினவளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீங்க சொன்னதைத்தானே எடுத்திருக்கோம்? ஊத்திக் கொடுத்தேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பதிவு இருக்கு. வேணும்னா அனுப்பவா?"

"எதுக்கு ஊத்தினேன்னும் சொன்னேனேம்மா."

"ரெண்டரை மணி நேரத்துல எல்லாத்தையும் சொல்ல முடியாதுக்கா. படத்துல உங்க பேரே வரலையே, அப்புறம் என்ன?"

படம் ஊத்திக்கொள்ள வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. அது சக்கைப்போடு போட்டது. மச்சக்காரிக்கு விருதுகூடக் கொடுத்தார்கள்.

தபால்காரரின் மகன் வெளியூரிலிருந்து மேனேஜருக்குப் போன் போட்டுக் கத்தினான். மேனேஜர் நல்ல பெண்தான். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எனக்கு உங்களைத் தெரியும். ஆனா அந்தாளு புகார் எழுதிக் கொடுப்பேங்கறான். அந்தம்மா செத்த அன்னைக்கு நீங்க அந்த வீட்லயே இல்லன்னு சொல்றீங்களே, அதை யாராவது ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், அவனை நான் சமாளிச்சுக்கறேன். இல்லன்னா மருந்துத் தட்டை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டு உங்களைத் துணி துவைக்கிற பக்கம் மாத்தறதைத் தவிர வேற வழியில்ல."

"என் பொண்ணு வந்து சொல்லுவாங்க மேடம். அவ பிரசவத்துக்குத்தானே போயிருந்தேன்" என்றாள் அளவுக்காரி. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மகள் வீட்டுக்குப் போனபோது மகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சம்பந்தியம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்து, எதிரே சவுகரியமாக உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பாடகி படம் பாத்தீங்களா சம்பந்தி? நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். ஐயோ, அந்த வேலைக்காரி! மனுஷியா அவ? சோறு போட்டவளையே ஊத்திக் கொடுத்துக் கொன்னுட்டாளே. அவளெல்லாம் புழுத்துத்தான் சாவா."

பேரன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் பகல் முழுக்க இவள் தோளில் சாய்ந்து தூங்கியவள் இந்தச் சம்பந்திதான். தான் யாருக்குச் சாபம் விடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. அம்மா ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள் என்றுதான் மகள் கல்யாணத்தின்போதே சொல்லி வைத்திருந்தாள். குடிகாரி வீட்டு வேலைக்காரியின் மகள் என்று பேர் வாங்க யாருக்குத்தான் ஆசை இருக்கும். அளவுக்காரி டீயைக் குடித்தாள். "ஆமாங்க" என்றும் ஒரு தடவை சொன்னாள். மகள் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் பேச முடிந்தது.

"ஒரே ஒரு தடவை வந்து சொல்லிட்டுப் போடி. பத்து நிமிஷம்கூட ஆகாது."

"என்னன்னும்மா சொல்லுவேன்?"

"நான் அன்னைக்கு அங்க இல்ல, உன் பக்கத்துல இருந்தேன்னு."

மகள் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அங்க நீ இல்லன்னு சொல்லணும்னா, அவ நீதான்னு முதல்ல சொல்லணுமேம்மா. அது எப்படியாவது அத்தை காதுக்கு வந்துடும். அப்புறம் இந்த வீட்ல நான் எப்படி இருக்கறது? உனக்கு இந்த வேலை இல்லன்னா வேற வேலை. எனக்கு வேற வீடு இருக்கா?"

மகள் சொன்னதில் அளவுக்காரியால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. மகள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதானே அன்றைக்கு அந்தச் சாவியை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தோம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணி மருந்துக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டாள். மேஜைமேல் மருந்துத் தட்டு இருந்தது.

"பொண்ணு எப்ப வர்றாங்க?"

"வர முடியாதுங்க மேடம்."

"அதனாலென்ன, நம்பர் சொல்லுங்க. நானே பேசறேன். போன்ல சொன்னாலே போதும்." மேனேஜர் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ம், சொல்லுங்க."

மகள் வீட்டில் ஒரே போன்தான். அது எப்போதும் சம்பந்தியம்மாள் பக்கத்தில்தான் கிடக்கும்.

"நம்பர் இல்லைங்க."

"பெத்த பொண்ணு நம்பர் இல்லையா?"

"எனக்குப் பொண்ணே இல்லைங்க மேடம்."

மேனேஜர் போனை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். "அப்ப பிரசவத்துக்குப் போயிருந்தேன்னு சொன்னது?"

"சும்மா சொன்னேங்க" என்றாள் அளவுக்காரி. "படத்துல காட்டினதுதாங்க நடந்தது."

மேனேஜர் கையை நீட்டி, மருந்துத் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.