மின்மடலில் சொன்ன அழைப்பு

நோர்வேயில் நான் இருக்கும் மாடிக் குடியிருப்பில் வாசலுக்கு வாசல் அழைப்புமணி இருக்கிறது. அதை யாரும் அடிப்பதில்லை. வந்த புதிதில் இது தெரியாமல், ஒரு தைப்பொங்கலன்று கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலோடு போய் எதிர்வீட்டில் இருக்கும் பெரித் என்ற அம்மாவின் மணியை அடித்துவிட்டேன். கதவைத் திறந்த அந்த அம்மாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. "ஹார் தெ ஷெத் நூ?" என்றார். ஏதாவது நடந்துவிட்டதா என்று அர்த்தம். எனக்கு அப்போது அரைகுறை மொழி. ஏதாவது விசேஷமா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "யா, யா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையாட்டினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் கப்பலில் வேலை செய்தவர் என்பதையும், முன்பொரு நாள் இதே மணி சொல்லாமல் அடித்தபோது அவருடைய சாவுச் செய்தியோடு வாசலில் பாதிரியார் நின்றார் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். "இனி வருவதென்றால் முதலில் ஒரு மெசேஜ் போடு" என்றார் பெரித். போட்டுவிட்டுத்தான் போகிறேன். பெரும்பாலும் போவதேயில்லை.

அப்படியொரு நாட்டில் இருந்துகொண்டு மின்மடல் எழுதத் தொடங்கியதில் ஆச்சரியம் என்ன? முதியோர் இல்லத்துக் குசினியில் எனக்குச் சமையல் வேலை; மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். என் முதல் தொகுப்பைப் படித்த பதிப்பாளர், "எழுத்து நல்லாயிருக்கு. ஆனால் உங்களை ஆருக்குத் தெரியும்? முதலில் வாசகர்களைச் சேருங்கோ" என்றார். இணையத்தில் ஆலோசனை சொல்கிறவர்கள் வாரம் தவறாமல் அனுப்பு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழை, நெருக்கம் தானாக வரும் என்றார்கள். நானும் ஞாயிறுதோறும் அனுப்பினேன். பெயர் போடும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொண்டது. அதற்கு உறவுமுறை தெரியுமா என்ன? எங்கள் ஊரான உருத்திரபுரத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு "வணக்கம் சிவலிங்கம்" என்று மடல் போய், மனிதர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

மடலை யார் யார் திறந்தார்கள் என்றும் அது காட்டும். கனடா, லண்டன், பாரிஸ் என்று பெயர்கள் கூடிக்கொண்டே போயின. நான் தேடியது ஊர்ப் பெயர்களைத்தான். சாந்தி மச்சாள் எப்போதும் முதல் ஆளாகத் திறந்திருப்பார். மாமாவின் மகள், என்னைவிட மூத்தவர், எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் இருப்பவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் எனக்கென்று மிஞ்சியவை அவருடையதும் பெரியப்பாவுடையதுமாக நாலைந்து வீடுகள். பதில் ஒன்றும் வராது. ஆனாலும் திறந்ததற்கான அந்தச் சின்ன அடையாளம் போதும், ஞாயிற்றுக்கிழமைத் தனிமை கொஞ்சம் இளகும். அவர்கள் முன்னால் புத்தகத்தை வெளியிட வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் ஊருக்குப் பக்கத்து நகரமான கிளிநொச்சியில் விழா வைத்தேன். அழைப்பை மூன்று தரம் அனுப்பினேன். மூன்றையும் மச்சாள் திறந்திருந்தார்.

லீவு குறைவு. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து, கிளிநொச்சி விடுதியொன்றில் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். முன்வரிசைக் கதிரைகளை ஊராருக்கென்று மறித்து வைத்தேன். துணுக்காயிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். அக்கராயனிலிருந்து மடல் வாசிக்கும் பெண்கள் இருவர் வந்து என் கையைப் பிடித்துக் கதைத்தார்கள். முன்வரிசை மட்டும் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. அந்தக் கதிரைகளைப் பார்த்தபடியே ஏற்புரையைச் சொல்லி முடித்தேன். வடை மிஞ்சிப் போனது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் ஓட்டோ பிடித்து உருத்திரபுரம் போனேன். மச்சாள் வேலிப் படலைக்கு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். நான் விறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் மச்சாள் ஒருத்தரும் வரேல்லை? மூண்டு தரம் அனுப்பினனான். நீங்கள் திறந்து பாத்ததும் எனக்குத் தெரியும்."

"ஓம், வாசிச்சனான். ஒண்டும் விடாமல் வாசிக்கிறனான். ஆனால் நீர் வந்து சொல்லேல்லையே."

"அதிலை சொன்னனான்தானே!"

"அது உலகத்துக்கெல்லாம் போனது. நல்ல காரியத்துக்கு வந்து சொல்ல வேணும். சொல்லாமல் போறது செத்தவீட்டுக்குத்தான். உம்மட நல்ல காரியத்துக்கு நாங்கள் அப்பிடி வாறதோ?" என்றவர், குரலைத் தணித்தார். "நேத்துக் காலமை வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். பெரியப்பாவும் வேட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தவர். கிளிநொச்சி வரைக்கும் வந்தனீர், ஒரு எட்டு வந்து சொல்லிப்போட்டுப் போவீர் எண்டு நினைச்சம்."

உள்ளே கதிரையின் முதுகில் ஒரு நீலச் சேலை கிடந்தது. அயன் பண்ணிய மடிப்புக் கலையவில்லை.

போர் முடிந்து மீள்குடியேறி எல்லோரும் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலத்தில்தான் என் தங்கை பெரியபிள்ளையாகி அவளுக்குச் சாமத்தியவீடு வந்தது. அம்மா அப்போதும் அழைப்புச் சொல்ல வீடு வீடாகப் போனார். வீடும் இல்லை, வேலியும் இல்லை, படலையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வளவிலும் முன்பு படலை இருந்த இடம் அம்மாவுக்குத் தெரியும். அந்த வெறும் நிலத்தில் நின்று, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவார். அவர்கள் வந்து அழைத்த பிறகே உள்ளே காலை வைப்பார். கூடப் போன எனக்கு அது அர்த்தமில்லாத விசராகத் தெரிந்தது. அதே அம்மா செத்தபோது யாரும் சொல்லாமலே ஊர் முழுக்க வந்து நின்றது. நான் அதை நோர்வேயில் இருந்து கைபேசியில் பார்த்தேன்.

மச்சாளைக் கண்ட அன்று பின்னேரம் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அந்த நாலைந்து வீடுகளுக்கும் போனேன். பெரியப்பா புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "அடுத்ததுக்கு வந்து சொல்லு பிள்ளை, கட்டாயம் வருவன்" என்றார். அடுத்தது எப்போது? அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் தலையாட்டினேன்.

நோர்வேக்குத் திரும்பி வந்து முதல் ஞாயிறு. வழக்கம்போல மடல் அனுப்பினேன். வழக்கம்போல மச்சாள் முதலில் திறந்தார். அடுத்த வாரம் எங்கள் நூலகத்தில் என் கதையொன்றை நோர்வே மொழியில் வாசிக்க இருந்தார்கள். அதற்கு பெரித்தை மடலில் அழைக்க மனம் வரவில்லை. நல்ல சேலை உடுத்து, எதிர்வாசலில் போய் நின்றேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. மணியில் விரலை வைத்தேன். அந்தப் பாதிரியாரின் நினைவு வந்தது. விரலை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கைபேசியில் எழுதினேன்:

"உங்கள் வாசலில்தான் நிற்கிறேன். யாரும் சாகவில்லை. மணி அடிக்கலாமா?"

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஆள் அசைந்தால்தான் எங்கள் படிக்கட்டு விளக்கு எரியும். நான் அசையாமல் நின்றதில் அது அணைந்துபோனது.