ஈப்போ மாமா வீட்டுச் செய்தி

பக்கிரிசாமியைப் பொய்யன் என்று நான் சொன்னால் அவன் மனைவி தனலெட்சுமி சண்டைக்கு வருவாள். வரட்டும். ஆறு மாதம் தினமும் காலையில் எங்களை உட்காரவைத்துப் பொய் சொன்னவனை வேறு என்னவென்று சொல்வதாம்?

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். பெரிய மீசை, பெரிய மணிக்கட்டு, சின்னப் பேச்சு. ஓய்வு பெற்ற பிறகு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாங்கள் பசியாறும் கடைக்கு அவனும் வர ஆரம்பித்தான். நாங்கள் என்றால் இரண்டே பேர். நான் பெஞ்சமின், கப்பல் கம்பெனியில் கிராணி வேலை பார்த்துப் பேனா பிடித்தே முதுகு வளைந்தவன். இன்னொருவர் ஜவுளிக்கடை ஹக்கீம், எங்கள் இருவருக்கும் மூத்தவர்.

எங்கள் மேசையில் பந்தாட்டம் பேசலாம், அரசாங்கத்தைத் திட்டலாம். டிவி நாடகம் மட்டும் ஆகாது. "பொம்பளைங்க மூக்கு சிந்துறதுக்கு ஒரு சாக்கு" என்று நான்தான் அடிக்கடி சொல்வேன். பெனால்டி தவறியதற்கு ஹக்கீம் கண் கலங்கினால் மட்டும் யாரும் கேலி செய்வதில்லை. அது ஏனென்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

ஒருநாள் காலை பக்கிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னய்யா, வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தடுமாறினான். "ஈப்போல தனத்துக்கு ஒரு மாமா இருக்காரு, இரும்புக்கடை வச்சிருக்காரு. அவரு மக தானாப் பாத்துக் கட்டிக்கிட்டா. இனிமே படி ஏறக் கூடாதுன்னுட்டாரு."

ஹக்கீம் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக்கை, நுரை பொங்க ஆற்றிய அந்தப் பால் டீயை, கீழே வைத்துவிட்டார். அவர் மகள் அஃப்ரீனும் அப்படித்தான், கூட வேலை செய்த ஹைக்கல் என்ற பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு பாயான் பாருவில் இருக்கிறாள். நாலு வருடமாக அவர் அவள் முகத்தில் விழித்ததில்லை. பேத்தி பிறந்ததும் காதில் விழுந்த செய்திதான்.

அன்றிலிருந்து தினமும் ஈப்போதான். அப்பாவின் ஆபரேஷனுக்கு மகள் யாருக்கும் தெரியாமல் தாலிச் சங்கிலியை விற்றாளாம். அவள் எழுதிய கடிதத்தை அண்ணிக்காரி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாளாம்.

"இந்தக் காலத்துல யாருய்யா கடிதம் எழுதறா? வாட்ஸ்அப் இல்லையா?" என்றேன்.

"அதான் ஃபோனைப் பிடுங்கிட்டாங்க லா!" என்று பாய்ந்தான் பக்கிரி.

அதையும் நம்பினேன். வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட அந்த அண்ணிக்காரியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு என்னதான் வேண்டும்? அந்த மாமாவுக்குக் கண் இல்லையா?

ஒரு புதன்கிழமை, எழுந்து போகும் நேரத்தில் ஹக்கீம் மெதுவாகச் சொன்னார்.

"பக்கிரி, அந்த மாமா மகளைச் சேத்துக்கிட்டாருன்னா நானும் போய் அஃப்ரீனைப் பாக்கலாம்னு இருக்கேன். அவரும் என்னை மாதிரி வீம்பு புடிச்ச ஆளுதானே. என்ன முடிவு பண்றாருன்னு கேட்டு வந்து சொல்லு லா."

பக்கிரிக்கு முகம் வெளுத்தது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் நல்ல மழை. நடைக்குப் போக முடியாமல் என் மனைவி ரோசம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு மணி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கை அரிசிப் பானைக்குள் நுழைந்தது, துழாவியது, ஒரு கடிதத்தை எடுத்தது.

"அடப்பாவி! இது ஈப்போ இல்ல?" என்று கத்திவிட்டேன்.

"என்ன ஈப்போ? நாடகம் ஓடுது, வாய மூடிக்கிட்டு உக்காருங்க" என்றாள் ரோசம்மா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆறு மாதம் என் காதில் பூச்சுற்றியிருக்கிறான்! விடிந்ததும் அந்த மீசையை எல்லார் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டுவது என்று முடிவு செய்தேன். ஆனால் எழுந்து போனேனா? இல்லை. மகள் கைக்குழந்தையோடு வாசலில் மழையில் நிற்கிறாள். அப்பா வருகிறார். பார்க்கிறார். கதவை அறைந்து சாத்திவிட்டார். ரோசம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்கும் அழுகை வந்தது, மறைத்து என்ன பிரயோசனம்.

மறுநாள் கடைக்கு முதலில் போனது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஹக்கீம் எனக்கு முன்பே வந்திருந்தார். வியாழக்கிழமையன்று வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் சட்டை, தொப்பி. ரொட்டி ஆறிக் கிடந்தது, தொடவில்லை. பக்கிரி வந்து உட்காருவதற்குள் கேட்டுவிட்டார்.

"என்ன செஞ்சாரு?"

பதில் எனக்குத் தெரியும். பக்கிரி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கதவத் தெறந்துட்டாருண்ணே."

"திட்டலையா?"

"திட்டல. மழையில நிக்காத, உள்ள வான்னாரு. அவ பிள்ளைய நீட்டுனா, வாங்கிக்கிட்டாரு. அவ்வளவுதான்."

நான் வாயைத் திறந்தேன். ஹக்கீம் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து போய் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அவர் தலை மறைந்ததும் பிடித்துக்கொண்டேன். "நேத்து அந்த ஆளு கதவ அறைஞ்சு சாத்துனான்யா. நானே பாத்தேன்."

"நீயா? நாடகமா?" என்று பக்கிரி திகைத்தான்.

"அத விடு. ஏன் மாத்துன?"

"நாடகத்துக்காரன் எப்படியும் ஒருநாள் தெறப்பான், பெஞ்சமின். அதுக்குள்ள இன்னும் முந்நூறு நாள் இழுப்பான். ஹக்கீமண்ணன் அத்தன நாள் தாங்குவாரா?"

வெள்ளிக்கிழமை ஹக்கீம் வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. அஃப்ரீன் கதவைச் சாத்தியிருந்தால்? நானும் பக்கிரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஃபோன் செய்யவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயப் பூசை முடிந்து கடைக்கு வந்தபோது அவர் இருந்தார். சட்டைத் தோளில் பால் கக்கிய கறை. அதைத் துடைக்கக்கூட இல்லை.

"நாலு வருசமா வராத அத்தா இன்னிக்கு எப்படி வந்தீங்கன்னு கேட்டா" என்றார். "ஈப்போ விசயத்தச் சொன்னேன். அரிசிப் பானை வரைக்கும் சொல்லியாச்சு. சிரிக்கிறா, அழுவுறா, ஒண்ணும் புரியல. அவளும் தினம் ஏழு மணிக்குப் பாக்குறாளாம்."

பக்கிரி நாற்காலியோடு சுருங்கினான். ஹக்கீம் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அங்க சாத்திட்டானாமே. எனக்கு மட்டும் ஏன்யா தெறந்து விட்ட?"

பக்கிரிசாமி மறு கையைத் தூக்கி அவருக்கு ஒரு தே தாரிக் சொன்னான். ஹக்கீம் பிடித்த கையை விடவில்லை.