மற்றப் படகுகள்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில், லாரிகளை ஒழுங்குபடுத்துகிறவருக்கு ஒரு வாக்கி டாக்கி தருவார்கள். அதை வாங்க மறுத்த ஒரே ஆள், பேக்கிங் பிரிவில் இருந்த அக்காதான். மேஜையில் கிடந்த அந்தக் கறுப்புக் கருவியை அவர் தொடக்கூட இல்லை. "இன்னாக்கா, நல்ல வேலை குடுத்தா வேணாம்ன்றியே?" என்று சூப்பர்வைசர் எரிச்சலோடு கேட்டார். "வேண்டாம் தம்பி. நான் பெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறன்" என்றார் அக்கா.

அக்கா இலங்கையிலிருந்து வந்தவர். படப்பையில் எங்கள் தெருவிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வயதான அம்மாவோடு இருந்தார். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை அவருடையது. ஷிப்ட் முடிந்து போனதும் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவார், மீனில் முள்ளெடுத்து ஊட்டுவார். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்வோம். அவர் பெற்ற மகள் இல்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

மழையில் பஸ் நகராமல் நின்ற ஒரு மாலையில் அவராகவே சொன்னார். போர்க்காலத்தில், பத்தொன்பது வயதில், இயக்கத்தின் வயர்லெஸ் பிரிவில் இருந்தாராம். ஒரு விடியற்காலை கடல்வழியாகப் போய், ராணுவம் காவல் காத்த கரையில் இறங்கத் திட்டம். உண்மையான தரையிறக்கம் வடக்கே. ராணுவத்தைத் திசைதிருப்புவதற்காகத் தெற்கே நான்கு படகுகளை மட்டும் அனுப்பினார்கள். அவற்றில் போன பெண்களுக்கு அது வெறும் போக்குக் காட்டுவது என்று தெரியாது. பின்னால் பெரிய படை வருகிறது என்றே நம்பினார்கள். உண்மை தெரிந்தால் கரைவரை போகமாட்டார்கள் என்று மேலிடம் நினைத்தது. அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டே இருக்கும் பொறுப்பு அக்காவுடையது. முதல் படகில் வயர்லெஸ் வைத்திருந்த பெண் அவரைவிடச் சற்று இளைய தோழி.

"மற்றப் படகுகள் எங்கயக்கா எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவள். வருகுது, வருகுது எண்டு சொன்னன். ஷெல் விழுற சத்தம் கேக்குது. அப்பவும் சொன்னன்." அக்கா ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். "கடைசியா, 'ஒருத்தரும் வரேல்ல, என்னக்கா?' எண்டாள். குரலில கோபமே இல்லை. நான் செட்டை நிப்பாட்டிப்போட்டன்."

வடக்கே வெற்றி. எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்களாம். அக்காவும் வாங்கித் தின்றாராம். பல வருடங்கள் கழித்து, இங்கே அகதி முகாமில் அந்தத் தோழியின் தாயைத் தனியாளாகக் கண்டு, தன்னோடு அழைத்துவந்துவிட்டார்.

போன ஆடியில் அக்கா போய்விட்டார். புற்றுநோய், கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. சாவதற்குச் சில நாள் முன்பு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், தோழியின் அந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர. அம்மா அதன்பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வேளை தவறாமல் கஞ்சி காய்ச்சிப் புகட்டினார்.

காரியம் முடிந்து நான் சோறு கொண்டுபோனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உன்னட்டத்தான் அவள் எல்லாம் கதைச்சவள். என்ர மகள் கடைசிவரைக்கும் நம்பினவளோ, மற்றப் படகுகள் வருமெண்டு?"

"நம்புனாங்கம்மா" என்றேன்.

"அவளும் அப்பிடித்தான் சொன்னவள்" என்றார். பிறகு என் கையை விட்டுவிட்டார்.