கறை படிந்த காந்தம்

விலை உயர்ந்த பல்லேடியம் உலோகம் இல்லாமல், வெறும் இரும்பை வினையூக்கியாக வைத்து மருந்து மூலக்கூறு ஒன்றை ராஜபாளையம் ஆய்வகத்தில் உருவாக்கியவள் நான். சீனியர் அதைத் தன் பெயரில் வெளியிட்டுவிட்டு, "ஏட்டி, எடுத்துக்கோ" என்று எனக்கே பால்கோவா நீட்டினார். வாங்கி, தின்னாமல் மேசையில் வைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது. கரைசலைக் கலக்கும் காந்தத்தில் பழைய சோதனைகளின் பல்லேடியம் கறையாக ஒட்டியிருந்தது. வேலை செய்தது அதுதான், இரும்பு அல்ல. நான் வாய் திறக்கவில்லை.

முனைவர் பட்டத் தேர்வாளர் முன் சீனியர் அந்த வினையைச் செய்துகாட்டிய அன்று, புதுக் காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"என்னட்டி இது, ஒண்ணுமே நடக்கலியே?" என்றார், வியர்த்துப்போய்.

"உங்க கண்டுபிடிப்புதானண்ணே. நீங்களே சொல்லுங்க."

அவர் பெயரோடு சேர்ந்து என் உழைப்பும் செத்தது. தெரிந்துதான் செய்தேன். வீடு திரும்பும் வழியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கித் தனியாகத் தின்றேன். அப்படியொரு இனிப்பை அதற்குமுன் நான் அறிந்ததில்லை.