நனைத்துத் தைத்த இறக்கை

மந்தைவெளியில் வக்கீல்களுக்குக் கோட்டு தைத்துக்கொண்டிருந்த என்னை, விமானத்துக்குத் தைக்க வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போன முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, "அளவு யாருங்க குடுப்பாங்க?" ஹெட் மிஸ்திரி கண்ணையா வயிறு குலுங்கச் சிரித்தார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. பரங்கிமலைக்கு அப்பால் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு மைதானம், ஒரு தகர ஷெட்டு, உள்ளே மூன்று விமானங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இறக்கை என்றால் தகடு என்று நினைப்பீர்கள். அன்று மரச்சட்டம்தான், அதன்மேல் ஐரிஷ் லினன். தலையணை உறை மாதிரி தைத்து மாட்டி, உள்ளே ரிப் என்கிற ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் சேர்த்து ஊசி விட்டு முடிச்சுப் போட வேண்டும். அப்புறம் டோப் என்கிற மருந்து பூசுவோம். அழுகின வாழைப்பழ நெடி அடிக்கும். அது காயக் காயத் துணி இறுகும்.

எதற்கு இத்தனை முடிச்சு என்று கேட்டேன். கண்ணையா ஒரு பொட்டலக் காகிதத்தைக் கிழித்து, உதட்டுக்குக் கீழே பிடித்து, அதன் மேல்பக்கமாக ஊதினார். தொங்கிய காகிதம் எழும்பி நின்றது.

"பாத்துக்க நைனா. காத்து கீழ இருந்து தள்ளுதுன்னுதானே நெனச்சிக்கினு கீறே? மேல இழுக்குது பாரு, அதான் ஜாஸ்தி. துணி தொளதொளன்னு இருந்தா உப்பிக்கும். ரெக்க வளைவு கெட்டுப்பூடும். அப்பால இன்னாத்த பறக்கிறது?"

தலையை ஆட்டினேன். ஆடியது தலைதான், கைக்கு அது எட்டவில்லை.

துணியைக் கடைக்கு எடுத்துப்போனேன். புதுத் துணியை நனைக்காமல் வெட்டுகிற தையல்காரன் முதல் சலவையிலேயே வாடிக்கையை இழப்பான். பழக்க தோஷம்! அண்டாவில் ஊறப்போட்டு, கொடியில் உலர்த்தி, இஸ்திரியும் போட்டேன். பிறகு, டோப்பில் சுருங்குவதற்காகக் கண்ணையா சொல்லியிருந்த தளர்ச்சியை அப்படியே விட்டுத் தைத்தேன்.

அந்த வாரம் கண்ணையா காய்ச்சலில் படுத்துவிட்டார். டோப்பின் மூன்றாவது பூச்சு காய்ந்ததும் இறக்கையை விரலால் சுண்டிப் பார்த்தேன். டங்கென்று கேட்க வேண்டியது, தொப்பென்றது. யா அல்லா! அப்போதுதான் புத்தியில் உறைத்தது. சுருங்க வேண்டிய துணியை நானே முன்கூட்டிச் சுருக்கித் தொலைத்திருக்கிறேன். தையல்காரனுக்குத் துணி தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? நாலாவது பூச்சில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் மகனோடு வந்தார். அவர் என் பழைய வாடிக்கை. மகன் அங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான்.

"காதர், நாளைக்கு இவன் மொதல் தடவையா தனியா ஓட்டப் போறான். ஆத்துல இவன் அம்மா சரியா சாப்பிடாம ஸ்வாமிய வேண்டிண்டே இருந்தா. ரெக்கை நீ தெச்சதுன்னு சொன்னேன். அப்பறந்தான் ஒரு வாய் சாப்ட்டா."

"நல்லா ஓட்டுவாருங்க" என்று மட்டும் சொன்னேன். வெட்கக்கேடு, ஆனால் அதைத்தான் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு கண்ணையா வந்து சேர்ந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. தையலைத் தூரத்திலிருந்தே பார்த்து, "ஷோக்கா கீது நைனா" என்றார். "காலைல வாத்தியார் துரை இத்த மேல ஏத்திப் பார்ப்பாரு. முன் சீட்டுல நீ குந்திக்க. தச்சவன்தான் மொதல்ல ஏறணும், இங்க அதான் வழக்கம். அப்பால வக்கீல் புள்ள."

நானா ஏற வேண்டும்! "நனைச்சுட்டேண்ணா" என்றேன். நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன்.

கண்ணையா இறக்கையைச் சுண்டினார். பேனாக்கத்தியை எடுத்து நீளமாக ஒரு கிழி கிழித்தார்.

"காலைல நான் தட்டாம வுட்ருக்க மாட்டேன், அத்த வுடு. அந்தப் புள்ள ஏறுதுன்னப்போ வராத வாய், நீ ஏறணும்னதும் வந்துச்சா? தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியுமோ?"

எந்த முதலாளி திட்டியும் எனக்கு அப்படி வலித்ததில்லை. வக்கீல் வீட்டுக்கு நானே போய் உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "நன்னா தெச்சுட்டு சொல்லி அனுப்பு" என்றார். திரும்பத் தைக்க ஆறு நாள் ஆயிற்று. நனைக்காத துணி டங்கென்று பேசியது.

வழக்கப்படி நான்தான் முதலில் ஏறினேன். கீழே கடல், கோபுரம், குளம் எல்லாம் இருந்ததாம். நான் பார்த்தது என் தையலை மட்டும். பயம் இருந்தது, பெரிய பயம் இல்லை.

அப்புறம் வக்கீல் மகன் தனியாக ஏறினான். அவன் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் பக்கத்தில் நின்ற வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். கண்ணையா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"அக்காங்! இப்பத்தான் நீ வேலைக்கு ஆவே."